நம்ம பேருக்கு என்ன அர்த்தம்?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், குழந்தைகள் நலம் என்று மாதம் ஒரு பாடம் படித்து வருகிறோம். இந்த மாதம் நம்ம பேரைப் பற்றியே ஒரு பாடம். "பேருல என்ன இருக்கு, இதுக்குப் போய் ஒரு பாடமா?" என்று நினைக்க வேண்டாம். படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

சென்ற முறை ஊக்குநர், பிரதிநிதிகளுக்கான பயிற்சியில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒவ்வொருவரும் எழுந்து தன் பேரைச் சொல்ல வேண்டும். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், என்ன அர்த்தம் என்றும் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. "எங்க பாட்டி பேரு", "குலசாமி பேரு", "அப்பா பார்த்த சினிமாவுல வந்த கதாநாயகி பேரு" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அப்புறம் ஒரு அக்கா எழுந்தார்கள். குழுவில் 20 வருஷத்துக்கும் மேலே இருப்பவர். கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் கண்டுபிடித்து விடுவார். "என் பேரு போதும்பொண்ணு. அர்த்தத்தை நான் வேற சொல்லணுமா?" என்று கேட்டு விட்டு உட்கார்ந்து விட்டார்கள். கூடத்தில் சிரிப்பு நின்று போனது. எங்களுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த அக்காவின் கேள்விதான் இந்தப் பாடத்துக்குக் காரணம். உலகத்தில் மற்ற ஊர்களில் எல்லாம் பிள்ளைக்கு எப்படிப் பேர் வைக்கிறார்கள் என்று பார்ப்போம், வாருங்கள்.

கிழமையே பேரு

ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு. அங்கே அகான் என்னும் மக்கள், பிள்ளை எந்தக் கிழமையில் பிறந்ததோ அந்தக் கிழமையின் பேரையே வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை கோஃபி. சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே, பெண் என்றால் அமா. செவ்வாய்க்கிழமைப் பெண் அபேனா. வியாழக்கிழமைப் பெண் யா.

ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்த கோஃபி அன்னான் அந்த நாட்டுக்காரர்தான். அவர் 1938-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தவர். பேரைச் சொன்னாலே பிறந்த கிழமை தெரிந்து விடும்.

அதே மக்களில் யா அசாந்தேவா என்று ஒரு வீரப் பெண்மணி இருந்தார். 1900-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கவர்னர் அவர்களின் புனிதமான தங்க ஆசனத்தைக் கேட்டபோது, கொடுக்க முடியாது என்று படை திரட்டிப் போருக்குத் தலைமை தாங்கினார். ‘யா’ என்ற முதல் எழுத்திலேயே அவர் வியாழக்கிழமை பிறந்தவர் என்பது இருக்கிறது.

இந்தோனேசியாவில் பாலி என்ற தீவில் வேறு கணக்கு. பெரும்பாலான குடும்பங்களில் முதல் பிள்ளை வயான், இரண்டாவது மடே, மூன்றாவது ஞோமன், நான்காவது கெத்துட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயானில் இருந்து ஆரம்பம்! ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பேர்தான். பேருக்கு முன்னால் ஆண் என்றால் ‘இ’, பெண் என்றால் ‘நி’ சேர்த்துக் கொள்வார்கள்.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. கார்த்திகை மாசம் பிறந்தால் கார்த்திகா. மூத்தவர் பெரியசாமி, அடுத்தவர் சின்னசாமி. சின்னப்பொண்ணு இல்லாத ஊர் உண்டா?

பாட்டி பேரும் பேத்தியும்

‘பேரன்’, ‘பேத்தி’ என்று தினமும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘பேர்’ இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. அதுதான் பேச்சில் பேரன், பேத்தி ஆயிற்று. அதனால்தான் மாமியார் பேரை மகளுக்கு வைத்து விட்டு, பிள்ளையைத் திட்டும்போது "மெதுவா, மெதுவா, உங்க பாட்டி காதுல விழுந்துடப் போகுது" என்று சிரிக்கிறோம்.

நைஜீரியாவில் யொரூபா மக்களிடமும் இதே நம்பிக்கை உண்டு. தாத்தா இறந்த பிறகு பிறந்த ஆண்பிள்ளைக்கு பாபாதுண்டே என்று வைப்பார்கள். ‘அப்பா திரும்பி வந்து விட்டார்’ என்று அர்த்தம். பாட்டி இறந்த பிறகு பிறந்த பெண்ணுக்கு யெதுண்டே. ‘அம்மா திரும்பி வந்து விட்டாள்’. கடல் கடந்து எங்கேயோ இருக்கிறார்கள், நம்ம வீட்டுப் பாசம்தான் அங்கேயும்.

ஒரே பூ, ஒரே வெளிச்சம்

நம் குழுக்களில் எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கிறோம். வருகைப் பதிவேட்டில் பேர் வேறு வேறாக இருக்கும். அர்த்தம் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மல்லிகா என்றால் மல்லிகைப்பூ. யாஸ்மின் என்பது பாரசீகச் சொல், அதற்கும் மல்லிகைதான் அர்த்தம்.

ஜோதி என்றால் ஒளி. நூர்ஜகான் என்றால் உலகத்துக்கே ஒளி. லூசி என்பது லத்தீன் மொழியில் ஒளி என்ற சொல்லில் இருந்து வந்தது. ரஷ்யாவில் ஸ்வெத்லானா என்று வைப்பார்கள், அதற்கும் ஒளி என்றுதான் பொருள்.

ராணி நமக்குத் தெரியும். ரெஜினா என்றால் லத்தீனில் ராணி. மலிகா என்றால் அரபியில் ராணி. சாரா என்றால் எபிரேய மொழியில் இளவரசி.

மேரி, மரியா, மரியாள், மரியம் எல்லாம் ஒரே பேர். கிறிஸ்தவர்கள் மாதா என்று வணங்கும் மரியாளின் பேரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதே போல யோசேப்பு, ஜோசப், சூசை, யூசுப் எல்லாம் ஒரே பேர்தான்.

சவேரியம்மாள் என்ற பேர் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. 1542-இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணி செய்த பிரான்சிஸ் சவேரியாரின் பேர் அது. சவேரியார் என்பது அவர் பிறந்த ஊரின் பேர். அது ஸ்பெயின் நாட்டில் இருக்கிறது. அந்தப் பகுதியின் பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்று அர்த்தம். நம்ம சவேரியம்மா அக்காவுக்கு இது தெரியுமா, கேட்டுப் பாருங்கள்!

கண்ணு படாம இருக்க

குப்பம்மாள், குப்பாயி, குப்புசாமி, பிச்சையம்மாள், பிச்சை. இந்தப் பேர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கும் விஷயம் இல்லை இது.

அந்தக் காலத்தில் தடுப்பூசி கிடையாது, பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. பிறந்த பிள்ளை ஒன்றன் பின் ஒன்றாக இறந்து போகும். அடுத்து ஒன்று பிறந்தால் தாய்க்கு நெஞ்சு பதைக்கும். உடனே பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, ‘இது குப்பை, யாருக்கும் வேண்டாத பொருள்’ என்று எமனை ஏமாற்றப் பேர் வைத்தார்கள். ‘இது என் பிள்ளை இல்லை, பிச்சையாக வந்தது’ என்று பிச்சை என வைத்தார்கள்.

மங்கோலியா நாட்டிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே நெர்குய் என்று ஒரு பேர். ‘பேர் இல்லாதவர்’ என்று அர்த்தம். எனேபிஷ் என்று ஒரு பேர். ‘இது இல்லை’ என்று அர்த்தம். கெட்ட ஆவி வந்து தேடினால், ‘நீ தேடும் பிள்ளை இது இல்லை’ என்று அதைத் திருப்பி அனுப்பத்தான்!

ஆகவே குப்பம்மா என்ற பேரைக் கேவலமாக நினைக்கக் கூடாது. இந்தப் பிள்ளை எப்படியாவது பிழைக்கணும் என்று ஒரு தாய் பட்ட தவிப்பு அதில் இருக்கிறது.

வேண்டாம் என்று வைத்த பேரு

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பேர்கள் குப்பம்மா மாதிரி இல்லை. குப்பம்மா என்று வைத்தவர்கள் அந்தப் பிள்ளை தங்கணும் என்று வைத்தார்கள். போதும்பொண்ணு என்று வைத்தவர்கள் அடுத்தது ஆணாகப் பிறக்கணும் என்று வைத்தார்கள். பேர் இந்தப் பிள்ளைக்கு, ஆசை இன்னும் பிறக்காத இன்னொரு பிள்ளை மேல்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. வங்காளத்தில் ஆன்னாகாளி என்று ஒரு பேர் உண்டு. ‘இனி வேண்டாம், காளி’ என்று தெய்வத்திடம் முறையிடுவது அது. சீனாவில் பெண்பிள்ளைக்கு ஜாவ்தி என்று வைப்பார்கள். ‘தம்பியைக் கூப்பிடு’ என்று அர்த்தம். ஜப்பானில் முன்பெல்லாம் தோமே என்று வைத்தார்கள். ‘நிறுத்து’ என்று அர்த்தம்.

மகாராஷ்டிராவில் நகுசா, நகுஷி என்று வைத்தார்கள். ‘வேண்டாதவள்’ என்று பொருள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பேர் கூப்பிடும்போதெல்லாம் ‘வேண்டாதவளே’ என்று கூப்பிட்டால் அந்தக் குழந்தையின் மனசு என்ன பாடுபடும்? 2011 அக்டோபரில் அந்த மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில் அரசு அதிகாரிகள் ஒரு விழா நடத்தினார்கள். அந்தப் பேர் இருந்த 285 பெண்பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புதுப் பேர் சூட்டி, சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் 1,000 ஆண்பிள்ளைகளுக்கு 919 பெண்பிள்ளைகள்தான் இருந்தார்கள். 2001-இல் இது 927. பேரில் வேண்டாம் என்று சொன்னது ஒரு பக்கம். கருவிலேயே வேண்டாம் என்று முடிவு செய்தது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவிடம் இருந்து வரும் அணு. இதை நம் உடல்நலப் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படி இருக்க, பழியை அம்மாவும் பேரைப் பிள்ளையும் சுமப்பது என்ன நியாயம்?

கல்யாணம் ஆனதும் பேரு எங்கே போகுது?

நல்ல பேரே வைத்தாலும் அதைக் கூப்பிட ஆள் வேண்டும் இல்லையா? கல்யாணத்துக்கு அப்புறம் ‘இன்னாரு சம்சாரம்’. பிள்ளை பிறந்ததும் ‘இன்னான் அம்மா’. பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். நம்மில் பலரின் பேரை மறுபடி சத்தமாகக் கூப்பிட்டதே குழுக் கூட்டத்தில்தான். முதல் முறை நம் பேரைக் கையெழுத்தாகப் போட்டதும் தீர்மானப் புத்தகத்தில்தான்.

நாமும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம்! ஆரம்ப காலத்தில் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனோம். கணவர் பேர் என்ன என்று அதிகாரி கேட்டார். ஒரு அக்கா, "அதாங்க சார், பழனி மலையில வேலு வச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவரு பேரு" என்றார்கள். அதிகாரி தண்டாயுதபாணி என்று எழுதி விட்டார். உண்மையில் அவர் பேர் முருகேசன். அதைத் திருத்த மூன்று நடை நடந்தோம்.

ஐரோப்பாவில் ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன நாடு. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரோடு ஆணுக்கு ‘சோன்’, அதாவது மகன், பெண்ணுக்கு ‘தோத்திர்’, அதாவது மகள் என்று சேர்ப்பார்கள். அம்மா பேரோடு சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. கல்யாணம் ஆனாலும் பெண் பேர் மாறுவதில்லை. யாரோட மகளோ அவரோட மகள்தானே, கல்யாணம் ஆனால் அது மாறிப் போகுமா? 1980-இல் உலகத்திலேயே முதல் முறையாக மக்கள் வாக்களித்து ஒரு பெண்ணை ஜனாதிபதி ஆக்கிய நாடு அது. அவர் பேர் விக்தீஸ் ஃபின்போகதோத்திர். ஃபின்போகி என்பவரின் மகள் விக்தீஸ் என்று அர்த்தம்.

நம் இனிஷியலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலனாகத் தமிழ்நாட்டில் இன்று பலருக்கும் அப்பா இனிஷியலும் சொந்தப் பேரும் மட்டும்தான். இது நமக்குப் பெருமை. ஆனால் அந்த ஒரு எழுத்தில் பெற்ற தாய்க்கு இடம் இல்லாமல் இருந்தது.

இப்போது காலம் மாறி வருகிறது. மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அரசு ஆவணத்தில் பிள்ளை பேருக்கு அடுத்து அம்மா பேர், அதற்கு அடுத்துதான் அப்பா பேர் என்று எழுத உத்தரவு வந்தது. கணவர் இறந்த பிறகு பிள்ளையின் குடும்பப் பேரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது.

தெரிந்து கொள்ள வேண்டிய சட்ட விவரம்

1. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

2. அன்றைக்கே பேர் முடிவு ஆகாவிட்டால் பரவாயில்லை. பேர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

3. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி, இடம் இரண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு என எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரு தடவை எழுதிய பேரை மாற்றுவது லேசு இல்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்து விடுங்கள்.

4. பெரியவர்கள் பேரை மாற்ற விரும்பினால், தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட வேண்டும். பிறகு அந்த அரசிதழை வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்தலாம்.

5. ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல், பட்டாவில் வீட்டில் கூப்பிடும் பேர் என்று இருந்தால், கடன் வாங்கும்போதும் காப்பீட்டுப் பணம் வாங்கும்போதும் சிக்கல் வரும். எல்லாவற்றையும் ஒரே பேரில் ஒரே எழுத்தில் கொண்டு வந்து விடுங்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்கள்?

பயிற்சி முடிந்து சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவோடு உட்கார்ந்து பேசினோம். பேரை மாற்ற வழி இருக்கிறது, உதவி செய்கிறோம் என்று சொன்னோம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"எனக்கு வேணாம். இந்தப் பேருலதான் பாஸ்புக் இருக்கு, வீட்டுப் பட்டா இருக்கு. இத்தனை வருஷம் இந்தப் பேருலதான் கையெழுத்துப் போட்டு எல்லாக் கடனையும் அடைச்சிருக்கேன். ஆனா எம் மகனுக்கு இப்ப மூணாவதும் பொண்ணு. பதினோரு மாசம் ஆகுது. இன்னும் பேரு எழுதலை. வீட்டுல எல்லாரும் போதும்மணின்னு கூப்பிடுறாங்க. அதையே எழுதிடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமையே குழுவில் இருந்து இரண்டு பேர் அக்காவோடு போனார்கள். மகன், மருமகளை உட்கார வைத்துப் பேசினார்கள். மகன் முதலில், "கூப்பிடுற பேருதானே, அதுல என்ன இருக்கு?" என்றாராம். அக்கா, "அறுபது வருஷமா என்னைக் கூப்பிடுறாங்கடா, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்களாம். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. மருமகள் தனக்குப் பிடித்த பேர் ஒன்றைக் கல்யாணம் ஆனதில் இருந்து மனசில் வைத்திருந்தாராம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை! 12 மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பேர் பிறப்புச் சான்றிதழில் ஏறி விட்டது. அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் அக்கா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள்.

சகோதரிகளே, பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் சொத்து பேர்தான். அதைக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. மனசு இருந்தால் போதும்.

குழுவில் கலந்து பேச

1. உங்கள் பேரை யார் வைத்தார்கள்? அர்த்தம் என்ன? ஒவ்வொருவரும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

2. உங்கள் ஊரில் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பேரில் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கிறார்களா? அந்தப் பிள்ளையின் விருப்பம் என்ன என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

3. உங்கள் ஊரில் பேர் எழுதாமல் பிறப்புப் பதிவு மட்டும் செய்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு பட்டியல் எடுங்கள்.

4. ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்றிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சரி பார்த்துக் கொடுங்கள்.

5. கூட்டத்தில் இனி ‘இன்னாரு சம்சாரம்’ என்று யாரையும் கூப்பிட வேண்டாம். பேரைச் சொல்லி, வயசுக்குத் தக்கபடி அக்கா, தங்கச்சி சேர்த்துக் கூப்பிடுவோம்.